மாப்பிள்ளை வாங்கிய பம்ப்

"மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்ததைக் கழட்டணும்னு நெனச்சாலே எனக்குக் கை நடுங்குதும்மா" என்றார் வரதராஜன்.

"கழட்டாட்டா வீட்டில எல்லாருக்கும் உடம்பே நடுங்கும், அங்கிள்" என்றாள் கஜானி.

ஆக்லாந்தின் ஜூலைக் குளிர். கிளென் ஈடனில் வரதராஜன் வாங்கிய வீட்டின் பின்புறம் பெரிய விறகுக் கொதிகலன் ஒன்று இருக்கிறது. வீட்டை விற்றவர் விட்டுவிட்டுப் போனது. வெளியே விறகு எரியும். சூடான தண்ணீரை ஒரு பம்ப் வீட்டுக்குள் அறை அறையாகச் சுற்றிவிடும். பம்ப் நின்றால் வீடே ஐஸ் பெட்டி.

பழைய பம்ப் போன வாரம் உயிரை விட்டது. கேள்விப்பட்ட உடனே நகரின் இன்னொரு பகுதியான த்ரீ கிங்ஸிலிருந்து மாப்பிள்ளை மதன்குமார் புதுப் பம்போடு வந்து இறங்கிவிட்டார். பார்ப்பது ஐ.டி. வேலை; ஆனால் உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

"ஒரு ஹெச்.பி., மாமா! மதுரைல எங்க வீட்டு மோட்டார் மூணு மாடிக்குத் தண்ணி ஏத்துது. இங்க ஒரே மாடி. சும்மா பிச்சுக்கிட்டுப் போகும் பாருங்க!"

பிச்சுக்கிட்டுத்தான் போனது. குழாய்கள் ஊளையிட்டன. சுடுதண்ணீர் பட்டதும் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. மகள் லக்ஷ்மிப்ரியாவுக்காக ஒழித்து வைத்த பின்பக்க அறை சூடாகவே இல்லை.

மகளுக்குத் தலைப்பிரசவம். அவள் வீடு காரில் இருபது நிமிடம்கூட இல்லை. இருந்தாலும் பிள்ளை பெற்றவள் தாய்வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்பது வரதராஜனின் மனைவி ஆனந்தவல்லி போட்ட சட்டம். பெண் குழந்தை பிறந்தாயிற்று. நாளைக் காலை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள்.

நேற்று குழந்தைத் துணி எடுக்க வந்த மாப்பிள்ளை, "பம்ப் எப்படி மாமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் குழாய் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. "அருமை மாப்பிள்ளை, அருமை!" என்றார் வரதராஜன். மாப்பிள்ளையிடம் வேறு எப்படிச் சொல்வது?

இன்று கஜானி வந்து நிற்கிறாள். யாழ்ப்பாணத்துப் பெண், பம்ப் விற்ற கடையில் எஞ்சினியர். விற்ற பம்ப் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தாளாம்.

"இது கிணத்துக்குப் போடுற பம்ப், அங்கிள். இஞ்ச தண்ணியை மேல ஏத்துற வேலையே இல்ல. போற தண்ணி சுத்தித் திரும்பி வரும். மெல்லமாத் தள்ளிவிட்டாப் போதும்."

வேனிலிருந்து ஒரு பம்பை எடுத்து வந்தாள். உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்னம்மா, தம்மாத்தூண்டு இருக்கு! இது தாங்குமா?"

"கொதிக்கிற தண்ணிக்கெண்டே செஞ்சது. உதிரிப்பாகம் ஒக்லண்டிலேயே கிடைக்கும். ரெண்டு பக்கமும் வால்வ் போட்டுவிடுறன், பழுதானாலும் தண்ணியை வடிக்காமலே கழட்டலாம். பழைய பம்பை நாங்களே திருப்பி எடுக்கிறம்."

வரதராஜன் மோவாயைத் தடவினார். "மாப்பிள்ளை முகம் சுண்டிடுமேம்மா..."

ஆனந்தவல்லி பொறுமை இழந்தாள். "உங்களுக்கு மாப்பிள்ளை முகம் பெருசா, பச்சைக் குழந்தை பெருசா?"

வரதராஜன் கண்ணை மூடிக்கொண்டார். "கழட்டும்மா."

சாயங்காலத்துக்குள் பின் அறை வெதுவெதுப்பாகிவிட்டது. குழாயில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. வரதராஜனுக்குத்தான் தூக்கம் இல்லை.

மறுநாள் பேத்தி வந்தாள். ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்த கையோடு மாப்பிள்ளை, "விறகு நான் போடறேன் மாமா" என்று பின்பக்கம் கிளம்பினார்.

"ஐயோ, நீங்க எதுக்கு மாப்பிள்ளை!" என்று வரதராஜன் பின்னாலேயே ஓடினார். அதற்குள் மாப்பிள்ளை பம்பின் எதிரே போய் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். தொட்டும் பார்த்தார்.

மாப்பிள்ளை நிமிர்ந்து காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பாத்தீங்களா மாமா, சத்தமே இல்ல! ஒரு ஹெச்.பி.ன்னா ஒரு ஹெச்.பி.தான்!"

"ஆமா மாப்பிள்ளை, ஆமா!" வரதராஜனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சமையலறையில் ஆனந்தவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "குடத்தை எடுத்துட்டுச் சொம்பை வச்சிருக்கோம். அதுகூடவா தெரியல நம்ம மாப்பிள்ளைக்கு? இதுல பெருமை வேற!"

"போகட்டும் விடு. அவர் மனசு நோகாம முடிஞ்சுதே, அதுவே போதும்" என்று வரதராஜன் கஜானிக்குப் போன் போட்டார்.

"நீ நல்லா இருக்கணும்மா. பேத்தி சுகமாத் தூங்கறா. மாப்பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியல. தெரிஞ்சிருந்தா, பாவம், நொந்து போயிருப்பார்."

மறுமுனையில் கஜானி குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், சொல்ல வேண்டாமெண்டவர். ஆனா நீங்க இப்பிடிக் கதைக்கேக்க என்னால மறைக்கேலாமக் கிடக்கு."

"யாரும்மா?"

"உங்கட மருமகன்தான். அண்டைக்குப் பிள்ளையின்ட உடுப்பு எடுத்துக்கொண்டு உங்கட வீட்டில இருந்து நேரா எங்கட கடைக்குத்தான் வந்தவர். அந்தச் சின்னப் பம்பைத் தேடி எடுத்ததும் அவர்தான். 'நான் மாத்தச் சொன்னா மாமா அருமை அருமைன்னுட்டு குளிர்லயே உக்காந்திருப்பார். நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி போய் மாத்திடுங்க' எண்டு என்னட்டக் கெஞ்சினவர், அங்கிள்."