பாலத்தில் உட்கார்ந்த தவளை

“தவளையைப் பாத்து எவனாவது பயப்படுவானா? தியேட்டரே விழுந்து விழுந்து சிரிச்சுதுடா!”

நெட்டை போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து, “இது ஆஸ்பத்திரியா, சந்தையா?” என்று பல்லைக் கடித்துவிட்டுப் போனாள்.

“நீ சிரிச்சிருப்ப. எனக்கு உள்ளங்கால் வரைக்கும் வேர்த்துப்போச்சு” என்றான் சோடாபுட்டி, மூக்கில் சரிந்த கண்ணாடியை ஏற்றிவிட்டபடி. “மலை மாதிரி ஒரு தவளை. பாலத்துல உக்காந்துக்கிட்டு, நாக்கை நீட்டி ஒரு பஸ்ஸையே இழுக்குது. அது உனக்குத் தமாஷா?”

இருவருக்கும் நடுவில், மூடிய கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான் மெக்கானிக். மூவரும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள். மூத்தவன் என்பதால் மற்ற இருவருக்கும் அவன் அண்ணன். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவிக்கு இதயத்தில் வால்வு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். மதியம் எப்போதோ தாண்டிவிட்டது.

எதிரே லிஃப்ட் வந்து, தரைக்குக் கொஞ்சம் தாழ்வாக நின்றது. சக்கர நாற்காலியை வெளியே தள்ள முடியாமல் ஒருவர் திணறினார். வேறொரு நாளாக இருந்தால் மெக்கானிக் மோட்டார் அறையைத் தேடிப் போயிருப்பான். இன்று கண் பார்த்தது, கால் எழவில்லை.

“உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?” மனைவியின் அக்கா எழுந்தே வந்துவிட்டாள். “உள்ள என் தங்கச்சி நெஞ்சைத் திறந்து வச்சிருக்காங்க. வெளிய உக்காந்து தவளைக்குப் பஞ்சாயத்து பண்றீங்க. இந்த மனுஷனும் ஒரு வார்த்தை அதட்டாம உக்காந்திருக்காரு பாரு!”

நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். அவள் போய் உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தான்.

“அண்ணே, நீங்களே சொல்லுங்க. பஸ்ஸை வாயில போட்டுட்டு, மாத்திரை கசந்த மாதிரி மூஞ்சியைச் சுளிச்சுத் துப்புதே, அது காமெடிப் படம்தானே? இதையெல்லாம் ஒரு படம்னு எப்படிண்ணே திரும்பத் திரும்பப் போய்ப் பாத்தீங்க?”

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதிலிருந்தே புருஷனும் பெண்டாட்டியும் ராட்சச மிருகப் படம் ஒன்றைக்கூட விட்டதில்லை. மற்ற ஜோடிகள் பின் வரிசை தேடும்போது இவர்கள் முன் வரிசையில் கழுத்து வலிக்க அண்ணாந்து உட்கார்ந்திருப்பார்கள்.

“உனக்கு என்னடா தெரியும்?” காலையிலிருந்து அவன் வாய் திறந்தது அப்போதுதான். “துப்பிட்டு அது திரும்பிக்கூடப் பாக்காது, கவனிச்சியா? அதுக்கு நம்ம மேல கோபமும் இல்ல, பகையும் இல்ல. நாம இருக்கோம்னே அதுக்குத் தெரியாது. அதுகிட்ட போய்க் கெஞ்ச முடியுமா? கால்ல விழ முடியுமா? அதுதான்டா பயம்.”

சொல்லும்போதே குரல் பிசிறியது. பார்வை கதவுக்குப் போனது.

“அப்ப நீங்க என் கட்சி” என்று சோடாபுட்டி சட்டென்று பிடித்துக்கொண்டான். “அண்ணி எந்தக் கட்சி?”

“அவ சிரிப்பா. என் கையைப் போட்டு நசுக்கிக்கிட்டே சிரிப்பா. என்னடி சிரிப்புன்னு கேட்டா, ஓட முடியாதவ வேற என்னத்தைப் பண்றதும்பா.” மெக்கானிக்கின் உதட்டோரம் லேசாக அசைந்தது. “பாலமாவது பரவாயில்ல. அப்புறம் துறைமுகத்துல அது அழும் பாரு, அந்த இடத்துல...”

“துறைமுகத்தை விடுங்கண்ணே” என்று நெட்டை அவசரமாகக் குறுக்கிட்டான். “பாலத்துக்கு வாங்க. அவ்வளவு பெரிய தவளையைப் பாத்து பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிறானே, அதுக்கும் சிரிக்கக் கூடாதா?”

“ஹாரன் அடிக்காம? அவன் கையில இருக்கிறது அது ஒண்ணுதானேடா!” மெக்கானிக் நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கித் தட்டினான். அக்கா வெறுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சண்டை சூடு பிடித்தது. டிரைவர் முட்டாளா, பாவமா என்று ஒரு சுற்று. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்களா என்று இன்னொரு சுற்று. சற்று நேரம் மெக்கானிக் கதவைப் பார்க்கவே மறந்துபோனான்.

அப்போதுதான் கதவு திறந்தது. பச்சை அங்கியோடு வந்த டாக்டர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினார்.

“புது வால்வு வச்சாச்சு. ஆனா இதயம் இன்னும் தானாத் துடிக்க ஆரம்பிக்கல. மெஷின்லதான் ஓடிட்டிருக்கு. எங்களால ஆனதைப் பண்றோம். காத்திருங்க.”

எல்லோரும் எழுந்து நிற்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அக்கா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் தொப்பென்று உட்கார்ந்தான்.  

“பேசுங்கடா” என்றான்.

இருவரும் சாத்திய கதவையே பார்த்தார்கள்.

“ஏன்டா நிறுத்திட்டீங்க? பாலம் போதும், துறைமுகத்தைச் சொல்லுங்க. அது அழுததே, அது பயமா, தமாஷா? ஏதாவது சொல்லுங்கடா, எனக்கு என்னமோ பண்ணுது!”

நெட்டை சோடாபுட்டியைப் பார்த்தான். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றினான். கடைசியில் நெட்டைதான் சொன்னான்.

“உங்களைப் பேச வைக்க நேத்து அண்ணி சொல்லிக்குடுத்தது பாலம் வரைக்கும்தாண்ணே... நாங்க அந்தப் படத்தையே பாக்கல.”