கோட்டுப் பொத்தான்

மேடையில் நாற்காலி போட்டிருப்பதைக் கண்டதும் பாப் பாடகர் துரைசிங்கத்தின் முகம் இறுகியது.

"அத எடுத்துடுங்க தம்பி."

"உங்களுக்கு முட்டி வலின்னு வீட்ல சொன்னாங்க சார்," என்றார் விழா ஏற்பாட்டாளர்.

"முட்டியா பாடப்போகுது? எங்க வீட்டு ஆளுங்க யாரும் உட்கார்ந்து பாடினதில்ல."

முதல் பாட்டை ஆடிக்கொண்டே பாடி முடித்தபோது மூச்சு இரைத்தது. இந்த மூச்சோடு அடுத்ததைத் தொடங்கினால் குரல் உடைந்து மானம் போய்விடும். நல்லவேளை, கைதட்டல் ஓயவில்லை. பழைய ரசிகர்களின் கைதட்டல் வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போவதில் அவருக்குத் தனிப் பெருமை.

வணங்கி நிமிரும்போது முன்வரிசையில் ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தார். கல்லூரி நாளிலிருந்து ஒரு கச்சேரியையும் விடாதவர். கை தட்டியபடியே அவர் துரைசிங்கத்தின் கோட்டுப் பொத்தானைக் கவனித்துக்கொண்டிருந்தார். மூச்சுக்கு ஏறி இறங்கிய பொத்தான் மெல்ல அடங்கியது. டீச்சர் கைகளை மடியில் வைத்தார். அரங்கமே ஓய்ந்தது.

துரைசிங்கத்துக்குக் காது சுட்டது. ஒரு கணம் நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு இருப்பதிலேயே வேகமான பாட்டை எடுத்து, ஆடிப் பாடி முடித்தார். கைதட்டல் எழுந்ததும், முதுகு வளையாமல், பொத்தான் டீச்சருக்கு நன்றாகத் தெரியும்படி திரும்பி நின்றார்.