கேட்டால் மட்டும்

திரையில் மறுபடியும் சிவப்பு.

இந்த ஒரு கேள்வியை மட்டும் அவள் தப்பாகவே போடுகிறாள்.

விற்பனைக்கு வந்திருக்கும் வீட்டில் ஒருவர் நோயால் இறந்திருக்கிறார். வாங்க வருகிறவரிடம் முகவர் தானாக அதைச் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. கூரை ஒழுகினால் சொல்ல வேண்டும். அஸ்திவாரத்தில் விரிசல் என்றால் சொல்ல வேண்டும். படுக்கையில் செத்துப் போனவரைப் பற்றி டெக்சஸ் மாநிலத்துக்குக் கவலை இல்லை.

தெரிந்த விடைதான். விரல்தான் ‘சொல்ல வேண்டும்’ என்பதில் போய் நிற்கிறது.

வீடு வாங்கி விற்றுத் தருவதற்கான லைசென்ஸ் பரீட்சை. போன வருடம் பாதியில் விட்டது. இப்போது மறுபடி எடுத்திருக்கிறாள்.

கணவனின் விசாவில் வந்தவளுக்கு வேலை பார்க்க அனுமதி கிடைக்கவே பல வருடம் ஆயிற்று. கிடைத்தபோது, ஊரில் படித்த படிப்பு ஊசிப் போயிருந்தது. இதுவாவது நமக்கென்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். டல்லாஸில் நம் ஆட்கள் வீடு வாங்குவதை நிறுத்தப் போவதில்லை.

முதல் தடவை படித்தபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள அப்பா வந்தார்.

அருப்புக்கோட்டையில் நூல் மில் ஃபிட்டராக இருந்தவர். அம்மாவின் முழங்கால் அவ்வளவு நேரம் விமானத்தில் மடங்காது. தனியாகத்தான் வந்தார்.

பேத்தியைக் குளிப்பாட்டினார். தலை பின்னக் கற்றுக்கொண்டார், கோணலாக. மகள் மாடியில் படித்துக்கொண்டிருந்தால் டீயைக் கதவருகே வைத்துவிட்டு ஒரு முறை இருமுவார். அவ்வளவுதான். உள்ளே வரமாட்டார்.

ஒரே ஒரு தடவை கேட்டார். அவரைக்காய் நறுக்கிக்கொண்டு, தலை நிமிராமல்.

“ஊருக்கு அனுப்பி விட்டுரு தாயி.”

அவளும் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. பரீட்சை முடியட்டும்ப்பா என்றாள். அன்றைக்கே அவருடைய விசாவை நீட்டிக்க விண்ணப்பித்தாள். அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. கையெழுத்துதான் கேட்டாள். போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை.

ஒருநாள் பகல் தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது. கீழே, சின்ன அறையில்.

மாடியில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நல்ல மார்க்.

தகனம் இங்கேயே நடந்தது. அம்மா அதை போனில் பார்த்தாள். நடுவில் படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பேத்தி மேல் உயிர், அதனால்தான் வரமாட்டேன் என்று இருந்துவிட்டார். ஊரில் அப்படித்தான் பேச்சு. அதைக் கிளப்பியது அவள் இல்லை. மறுத்தவளும் இல்லை.

யாரும் அவளிடம் நேராகக் கேட்கவில்லை.

அடுத்த கேள்வி வந்தது. வாங்குகிறவரே வாய்விட்டுக் கேட்டால்?

அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. நம் ஆட்கள் கேட்காமல் விடுவார்களா? முதலில் வாசல் எந்தத் திசை என்பார்கள். அடுத்தது, இந்த வீட்டில் சாவு கீவு விழுந்ததா என்பதுதான்.

இதில் அவள் ஒருநாளும் தவறியதில்லை. ‘பொய் சொல்லக் கூடாது’ என்பதைத் தொட்டாள்.

பச்சை.

போன் அடித்தது. அம்மா.

மறுபடி படிக்க ஆரம்பித்ததை நேற்றுத்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அங்கே இப்போது படுக்கிற நேரம். சாப்பிட்டாயா, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டாயிற்றா என்று வழக்கம்போல் அம்மா எல்லாம் கேட்டாள். சிக்னல் போய்விட்டதோ என்று இவள் போனைப் பார்த்தாள்.

“உங்கப்பா வந்துர்றேன்னு எங்கிட்ட சொன்னாக,” என்றாள் அம்மா. “நாந்தான், புள்ள படிச்சு முடிக்கட்டும், இருந்துட்டு வாங்கன்னேன்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஒங்கிட்ட ஏதும் கேட்டாகளா?”

திரையில் பச்சை இன்னும் அப்படியே இருந்தது.

“இல்லம்மா.”

அம்மா அதை யோசிப்பது தெரிந்தது.

“அப்ப எங்கிட்ட மட்டுந்தான் கேட்டிருக்காக.”

பிறகு பரீட்சை என்றைக்கு என்று விசாரித்தாள். நல்லபடியாக எழுது, அவர் ஆசைப்பட்டது என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் மடிக்கணினியை மூடினாள்.

மாடிப்படி இறங்கிக் கீழே போனாள். சின்ன அறையின் கதவு சாத்தியிருந்தது. திறந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மெத்தைக்கு இன்னும் உறை போடவில்லை.

அம்மாவின் எண்ணைத் தொட்டாள்.

ஒரு ரிங்கூட முழுதாகப் போகவில்லை. அம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் போல.

“சொல்லு தாயி,” என்றாள் அம்மா.