நாத்தனார் கொடுத்த அனுமதி

2058 மார்ச் 4 அன்று, கோவை பீளமேட்டில், பூங்கொடி தன் கணவரின் குடும்ப நினைவுகளிலிருந்து நாத்தனார் நாச்சாளின் அனுமதியை நீக்கினாள்.

பக்கவாதத்துக்குப் பிறகு சென்னியப்பனின் நினைவுகள் மூன்று நிறுவனங்களின் கிளவுடில் இருந்தன. சிறுவயது ஒன்றில், தொழில் இன்னொன்றில், குடும்பம் மூன்றாவதில். அவற்றில் அனுமதி உள்ளவர்களை மட்டுமே அவருக்கு அடையாளம் தெரியும். நாச்சாள் மூன்றிலும் இருந்தாள். பூங்கொடி குடும்பத்தில் மட்டும்தான்.

தினமும் இட்லியை வாயில் வைத்ததும், "அக்கா சட்னிதான் சட்னி" என்பார்.

"அப்ப அக்கா வீட்டுலயே இருந்திருக்கலாமுல்ல?" என்று கேட்பாள். அவர் சிரிப்பார். அவளுக்கு வயிறு எரியும். குடும்பத்திலாவது அந்த அக்கா வேண்டாம் என்றுதான் நீக்கினாள்.

அனுமதி நிர்வாகம்தான் அவள் வேலையே. ஒருவரை நீக்கினால் அவர் சேர்த்துவிட்டவர்களும் போய்விடுவார்கள், முதலில் அதைப் பாருங்கள் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்பவள். அன்று அவளே பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் அழுதுகொண்டிருந்தபோது, அவள் பெயரைச் சேர்த்துவிட்டது நாச்சாள்.

மறுநாள் காலை காபியோடு வந்தவளைப் பார்த்ததும் சென்னியப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நீங்க யாருங்க?"

அவளை மறுபடி சேர்க்க அவர் கைரேகை வைத்தால் போதும். பூங்கொடி திரையை நீட்டினாள். "உங்க சம்சாரமுங்க. இதுல வெரலை வைங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எங்கக்காவக் கேக்காம வெக்க மாட்டனுங்க."

பூங்கொடி நாச்சாளுக்குப் போன் செய்தாள்.