பழைய சைலன்சர்

"பழைய சைலன்சரையே திரும்ப மாட்டி விட்டிருங்கண்ணே."

ராக்கப்பன் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். சிவகாசியில் அவர் ஒர்க்‌ஷாப் திறந்த இருபத்திரண்டு ஆண்டுகளில், நன்றாகச் செய்த வேலையைக் குலைக்கச் சொல்லி ஒருவர் வந்து நிற்பது இதுவே முதல் முறை.

"என்ன குறை தம்பி? சத்தம் வருதா?"

"வரலண்ணே. அதுதான் குறை" என்றான் காளிராஜ்.

வாசலில் நின்ற அவனுடைய வண்டிக்கு வயது பதினெட்டு. சென்ற வாரம் வரை அதன் தோற்றமும் வயதுக்குப் பொருத்தமாகவே இருந்தது. இப்போது பெட்ரோல் டேங்கில் கரும்பச்சை பெயிண்ட். அதன் விளிம்பில் மயிரிழை கனத்தில் ஒரு பொன்னிறக் கோடு. அந்தக் கோட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு கையாலேயே இழுத்தவர் ராக்கப்பன். ஹேண்டில் பாரை நான்கு விரற்கடை உயர்த்தியிருந்தார். இனி ஓட்டுபவர் முதுகை வளைக்க வேண்டியதில்லை. சீட்டுக்குள் இரண்டு அடுக்கு ஃபோம். பின்னால் உட்காருபவர் சாய்ந்துகொள்ள ஒரு குட்டித் திண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் புதிய சைலன்சர். இன்ஜின் ஓடுகிறதா என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

"ஏலே காளி, விளையாடாத. சத்தமே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?"

"நாந்தான்."

"வெடிக் கம்பெனியில போர்மேனா இருந்துக்கிட்டு, சத்தத்துக்குப் பயப்படுறியேன்னு நான்கூடச் சிரிச்சேன். அப்ப நீ என்ன சொன்ன?"

காளிராஜ் அப்போது சொன்னது இருவருக்கும் நினைவிருந்தது. விஸ்வநத்தத்தில் வேலை முடிந்து, ஆமத்தூரில் தன் வீட்டு வாசலில் அவன் வண்டியை நிறுத்தும்போதெல்லாம், உள்ளே அவன் தாய் பொன்னுத்தங்கத்துக்கும் மனைவி பாண்டிமீனாவுக்கும் சண்டை உச்சத்தில் இருக்கும். ரசத்தில் உப்பு, கொடியில் காய்ந்த சேலை, டி.வி. ரிமோட் என்று காரணம் மட்டும் நாள்தோறும் மாறும். நான்கு ஆண்டுகளில் ஒரு நாளும் விடுமுறை இல்லை. "வீட்டுக்குள்ள அம்புட்டுச் சத்தம்ணே. வண்டியிலயாவது வேணாம்" என்று சொல்லித்தான் அவன் வேலையை ஒப்படைத்தான்.

"உங்க வீட்டுச் சண்டையில எனக்கும் நட்டம்தான்" என்றார் ராக்கப்பன். "முன்னாடியெல்லாம் ஒன்பது மணி வரைக்கும் இங்கனதான கிடப்ப. இப்ப கம்பெனி விட்டதும் நேரா வீட்டுக்கு ஓடுற. அந்தா பாரு, கேரம் போர்டுல பல்லி குடித்தனம் நடத்துது."

"என்னண்ணே செய்ய? நான் போகலேன்னா விலக்கி விட ஆளு ஏது?"

"சரி, அதை விடு. வண்டி உன் வீட்டம்மாவுக்குப் பிடிக்கலையா?"

"சோபா மாதிரி இருக்குன்னா."

"அம்மாவுக்கு?"

"திண்டுல சாஞ்சு உக்காந்து, தெருவை ரெண்டு சுத்து சுத்திட்டு வந்தாக. ரெண்டு பேரும் தனித்தனியா வந்துதான் பாராட்டுனாக."

"பெறகு என்னதாம்ல உனக்கு வேணும்?"

"அந்தப் பழைய டபடப சத்தம். சாயங்காலம் நான் கிளம்புறதுக்குள்ள வேணும். நேத்து வண்டியை மெயின் ரோட்டு விலக்கு வரைக்கும் திரும்பத் தள்ளிக்கிட்டுப் போயி, அங்கன இருந்து ஹாரன் அடிச்சுக்கிட்டே வீடு வந்து சேந்தேன். தினமும் அப்படி வந்தா ஊருல என்ன நினைப்பாக?"

ராக்கப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். வெயிலில் அதிகம் நின்றிருப்பானோ என்றுகூட ஒரு கணம் எண்ணினார். ஆனால் மணி காலை எட்டுதான் ஆகியிருந்தது.

"காரணத்தைச் சொல்லு. சொல்லாம நான் ஸ்பேனரைத் தொட மாட்டேன். இது நான் செஞ்ச வண்டியிலயே நல்ல வண்டி."

காளிராஜ் பெஞ்சில் உட்கார்ந்தான். சொல்லத் தொடங்கும் முன்பே அவன் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாம் நீங்க போட்ட சீட்டும் ஹேண்டிலும் செஞ்ச வேலைண்ணே. முதுகு வலி இல்லையா, கொஞ்சம் விரட்டிட்டேன். ஆறு மணிக்குப் போறவன் நேத்து அஞ்சே முக்காலுக்கே போயிட்டேன். வண்டிய நிறுத்துனா, வீட்டுக்குள்ள சத்தமே இல்ல."

"ஐயையோ! கோவிச்சுக்கிட்டு ஒரு ஆளு வெளியேறிட்டாகளா?"

"நானும் அப்படித்தான் பதறுனேன். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, ஒரே தட்டுல சாத்தூர் சேவைப் போட்டு, ரெண்டு பேரும் தோளை உரசிக்கிட்டுத் தின்னுக்கிட்டிருக்காக. மீனா என்னமோ சொல்லுறா, அம்மா அவ முதுகுல தட்டித் தட்டிச் சிரிக்கிறாக. சிரிச்சதுல அம்மாவுக்குப் புரையே ஏறிருச்சு; மீனா ஓடிப் போயித் தண்ணி கொண்டாந்து குடுக்கிறா."

ராக்கப்பனின் கை, அவரையும் அறியாமல், மூலையில் கிடந்த பழைய சைலன்சரை நோக்கி நீண்டது. "பெறகு?"

"அம்மா கடிகாரத்தைப் பாத்தாக. தட்டை ஒதுக்கி வச்சுட்டு, கொண்டையை இறுக்கி முடிஞ்சாக. முடிஞ்சுக்கிட்டே மீனாகிட்டச் சொன்னாக..." காளிராஜ் தாயின் குரலை அப்படியே வரவழைத்துக்கொண்டான்: "'வண்டிச் சத்தம் கேக்குற நேரமாச்சு தாயி. நேத்து நான் ஆரம்பிச்சேன், இன்னைக்கு நீ ஆரம்பி. ஒரு நாள் சண்டை நின்னாலும், அந்தப் பய திரும்பக் கேரம் போர்டுக்கு ஓடிருவான்.'"