வாய் பொத்திய கார்டு

பார்வையில்லாத மோன்ஜிக்கு ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்திருந்தது. எழுத்தைக் கணினி வாசித்துச் சொன்னால்தான் நாளை அவனால் வேலை பார்க்க முடியும். லினக்ஸ் போட்ட அவனுடைய பழைய கணினியிலோ சவுண்ட் கார்டு முனகக்கூட இல்லை.

அவன் மனைவி லமியா காலையிலிருந்து கையேட்டைப் பார்த்து, கார்டை இயக்கும் நிரல்களான மாட்யூல்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

மோன்ஜியின் அண்ணன் ஹேதி புதினா டீயோடு அவள் எதிரே வந்து நின்றான். "கையேட்டுல என்னதாம்மா போட்டிருக்கு?"

"'உங்க கார்டுக்குப் பொருத்தமான மாட்யூலைப் போடுங்க'ன்னு இருக்கு. எதுன்னு எழுத அந்தப் புண்ணியவானுக்குக் கை வலிச்சிருக்கு."

"விட்டுத் தள்ளு. பொட்டி செத்துப்போச்சு."

"நான் இன்னும் சாகலையே மச்சான்?"

கையேட்டின் கடைசியில் ஒரு வரி தட்டுப்பட்டது. சரியான மாட்யூலே ஏறினாலும் ஒலி 'மியூட்'டில் மூடித்தான் இருக்கும். நாம்தான் திறக்க வேண்டும்.

"அடப்பாவிகளா! இது ஊமையில்ல, வாயைப் பொத்தி வெச்சிருக்காங்க."

ஒலியைத் திறந்துவிட்டு ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்தாள். அது அதிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோன்ஜி துள்ளி எழுந்தான்.

சிறுவயதுக் காய்ச்சலில் காது போன லமியா, அவன் உதடுகளையே பார்த்தபடி கேட்டாள். "என்ன சொல்லுது?"

"கையேட்டை வாசிக்குதுடி. 'இது ரொம்பச் சுலபம்'னு சொல்லுது!"