கனகேஸ்வரியின் பதினோராவது சனி

"ஒருத்தர் விரதத்துக்காக எண்பது பேரோட தேதிய மாத்தணுமா? நல்ல நியாயம்லா இது!"

வாசு மேசையைத் தட்டினான். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் விளையாட்டு மன்றச் செயலாளர் அவன். இந்த வருஷக் குடும்ப தினத்துக்கு, மலை மேல் இருக்கும் தீம் பார்க் என்று முடிவானதிலிருந்து இரண்டு மாதமாக அதே நினைப்பாக அலைந்தவன்.

பார்க்குக்கே போன் போட்டு, எந்த நாளில் கூட்டம் குறைவு என்று விசாரித்திருந்தான். டிசம்பர் இரண்டு, சனிக்கிழமை. நுழைந்ததும் எல்லோரும் வலது பக்கம் ஓடுவார்கள், நாம் இடது பக்கம் போக வேண்டும். பதினோரு மணிக்கே சாப்பிட்டுவிட்டால், மற்றவர்கள் சாப்பிடும்போது வரிசை காலியாக இருக்கும். எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்திருந்தான்.

அதில்தான் இப்போது மண் விழுந்தது. போட்டவள் ஊழியர்களின் காகிதங்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபீஸ் கனகேஸ்வரி. பஸ்ஸுக்கான கடிதத்தில் முத்திரை குத்த வேண்டியவளும் அவள்தான்.

"எனக்கு ஏழரைச் சனி நடக்குது தம்பி. பதினோரு சனி விரதம். ரெண்டாம் தேதிதான் கடைசிச் சனி. ஒன்பதாம் தேதின்னு போடு, இப்பவே முத்திரை குத்தறேன்."

"ஒன்பதாம் தேதி கூட்டம் தாங்காதுக்கா!"

"கூட்டம்னா என்ன, நின்னு போறது."

"நீங்க மட்டும் வராம இருந்தா?"

"என் பிள்ளைங்களுக்கு ஆசை இருக்காதா?"

கல்லில் நார் உரிக்கலாம், கனகேஸ்வரியிடம் தேதியை வாங்க முடியாது. வாசு பல்லைக் கடித்துக்கொண்டு அறிவிப்புப் பலகையில் ஒன்பதாம் தேதி என்று மாற்றி எழுதினான். அன்றைக்கே அவளுக்கு 'சனி அக்கா' என்று பெயரும் வைத்தான். தொழிற்சாலை முழுக்க அது பரவிவிட்டது.

ஒன்பதாம் தேதி விடிவதற்குள் இரண்டு பஸ்கள் தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டின. பேக்கிங் பகுதி ரோஹானாவும் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்ததைப் பார்த்து வாசு ஆச்சரியப்பட்டான். அவள் கணவன் ஷேக் அலாவுதீன் இதே தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டியவன். ஜூலை கடைசியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். முதலில் இரண்டாம் தேதி என்று பலகையில் ஒட்டிய அன்று, "எங்க பேரை அடிச்சிருங்க அண்ணே" என்று சொல்லிப் போனவள், பிறகு மறுபடி பேர் கொடுத்திருந்தாள்.

பார்க்கில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். இடது பக்கமும் கூட்டம், வலது பக்கமும் கூட்டம். கட்டம் போட்ட தாள் வாசுவின் சட்டைப் பையில் வியர்வையில் ஊறிக் கிடந்தது. வரிசையில் அவனுக்கு முன்னால் கனகேஸ்வரியின் கணவர் அம்பிகைபாகன் நின்றார்.

"எல்லாம் அக்காவோட விரதத்தால வந்த வினை சார்" என்றான் வாசு.

"விரதமோ? ஆர், இவவோ?" அம்பிகைபாகன் விழுந்து விழுந்து சிரித்தார். "போன சனி ரெண்டு தரம் நண்டுக்கறி போட்டுச் சாப்பிட்டவ!"

வாசுவுக்குக் கோபம் தலைக்கேறியது. பொய்! எண்பது பேரை வெயிலில் நிறுத்தியது ஒரு பச்சைப் பொய்! அவள் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று வரிசையைவிட்டு வெளியே வந்து விறுவிறுவென்று நடந்தான்.

"வாசு அண்ணே!" வழியில் ரோஹானா நிறுத்தினாள். "உங்களுக்கு நன்றி சொல்லணும். பிள்ளைங்க கப்பல் ஊஞ்சல்ல ரெண்டு தரம் ஏறிட்டாங்க. அவங்க அத்தா ஏத்திக் காட்டறேன்னு சொல்லியிருந்தாரு."

"நல்லதும்மா. மொதல்ல வரலைன்னியே?"

"எப்படிண்ணே வர்றது? அவர் மவுத்தாகி நாலு மாசம் பத்து நாள் நான் இத்தா இருக்கணும். வேலைக்கு வரலாம், இப்படிச் சுத்திப் பாக்க வரக்கூடாது. பிள்ளைங்க என்னை விட்டுட்டு வராதுங்க. நேத்து முந்தாநாள்தான் இத்தா முடிஞ்சுது. தேதி மாறினது எங்க நல்ல நேரம். யாரோ விரதம்னாங்களே, அவங்களுக்கு என் சலாம் சொல்லுங்க."

வாசு நின்றுவிட்டான். அலாவுதீனின் இறப்புப் பத்திரத்திலிருந்து அத்தனை காகிதத்தையும் பார்த்து அனுப்பியது கனகேஸ்வரிதான். இறந்த தேதி அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒரு மரத்தடியில் எல்லோருடைய பைகளுக்கும் காவலாக அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"உண்மையச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"ரோஹானாவுக்காகத் தேதிய மாத்தறோம்னா, புருஷன் போயி அஞ்சு மாசம் ஆகல, அதுக்குள்ள ராட்டினம் சுத்த அலையறான்னு பேசுவாங்க தம்பி. என்னைப் பேசினா பேசிட்டுப் போகட்டும். அவளுக்கும் சொல்லிடாத."

வாசுவுக்குக் கண் கலங்கியது. பெயர் வைத்த நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஸ்டோர் பகுதி பக்கிரிசாமி கேலியை ஆரம்பித்தார். "வாசு, அடுத்த வருஷம் சனி அக்காவோட விரத லிஸ்ட்ட மொதல்ல வாங்கிருலா!"

பஸ்ஸே சிரித்தது. ரோஹானா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இரண்டு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. கனகேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசு எழுந்து மைக்கை எடுத்தான்.

"அக்காவ விடுங்கலா. விரதம் அவங்களுக்கு இல்ல, எனக்குத்தான். சொல்ல வெக்கமா இருந்துச்சு, அவங்களச் சொல்லச் சொன்னேன்."

"அன்னிக்கு மேசையத் தட்டினது நீதானே?"

"நடிச்சேன்லா!"

"அட, சனி அண்ணே!" என்று பஸ் முழுக்கக் கூவியது. வாசு எல்லோரையும் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தான்.